இறக்கை பொருந்தாத விமானம்

வளைகுடா நாடுகளிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறையில் ஊர் திரும்பும் தந்தையரின் பெட்டியில், பேரீச்சம்பழத்துக்கும் அத்தருக்கும் நடுவே, பிள்ளைகளுக்கென்று ஓர் அட்டைப் பெட்டி இருப்பதுண்டு. அதன்மேல் சீறிப் பாயும் விமானத்தின் வண்ணப்படம் அச்சிடப்பட்டிருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே விமானம் இராது. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐம்பது, அறுபது துண்டுகளும் ஒரு விளக்கத்தாளும் மட்டுமே இருக்கும். துண்டுகளை வெட்டியெடுத்து, சீர்செய்து, ஒட்டி, வண்ணம் தீட்டினால் உண்மை விமானத்தின் சிறிய உருவம் ஒன்று கையில் வந்து அமரும். இதனை மாதிரி விமானக் கிட் என்பார்கள். இன்று இணையக் கடைகள் வழியாகவும் இவற்றை வாங்கலாம்.

பல இல்லங்களில் இந்தப் பெட்டியின் கதை ஒரே விதமாக முடிந்துவிடுகிறது. முதல் நாள் ஆவலோடு அமர்கிறான் பிள்ளை. மறுநாள் பார்த்தால் உடற்பகுதியின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. அழுத்திப் பிடிக்கிறான், பசையை அள்ளிப் பூசுகிறான், பிளாஸ்டிக் இளகிக் கோணிப் போகிறது. "காசைக் கரியாக்கிவிட்டாயே!" என்று வீட்டில் ஒரு சொல் பிறக்கிறது. பெட்டி பரணுக்குப் போகிறது. "என் கைக்கு இந்த வேலை வராது" என்ற முடிவோடு பிள்ளை எழுந்து போகிறான்.

பெட்டியின் விலை போனது சிறிய இழப்பு. பிள்ளையின் நெஞ்சில் பதிந்த அந்த முடிவே பெரிய இழப்பு. அது தவறான முடிவும் ஆகும். துண்டுகள் பொருந்தாமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் அவை பிறந்த அச்சில் இருக்கிறது. பிள்ளையின் கையில் இல்லை. காரணத்தைக் கண்டறிந்தால் மிகுதியான குறைகளை வீட்டு மேசையிலேயே நீக்கிவிடலாம்.

அச்சுக்குள் நடப்பது என்ன?

இத்துண்டுகள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதனை 200 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி, இரு பாதிகளாக அமைந்த எஃகு அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். அச்சைத் தண்ணீர் குளிர்விக்கிறது, பிளாஸ்டிக் இறுகுகிறது, அச்சு திறக்கிறது, ஊசிகள் துண்டுகளை வெளியே தள்ளுகின்றன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்கூடங்களில் மோல்டிங் வேலை பார்ப்போர் எவரேனும் உங்கள் உறவில் இருந்தால் இதனை நேரிலேயே விளக்குவார்.

குளிரும்போது பாலிஸ்டைரீன் நூற்றுக்கு சுமார் அரைப் பங்கு சுருங்குகிறது. இதை எண்ணி அச்சையே சற்றுப் பெரிதாக வெட்டுவார்கள். ஆனால் தடித்த இடம் மிகுதியாகவும் மெல்லிய இடம் குறைவாகவும் சுருங்கும்போது கணக்கு பிசகுகிறது. தடித்த இடத்தில் குழி விழுகிறது. சூடு ஆறுமுன் வெளியே எடுத்தால் துண்டு கோணுகிறது. அச்சு தேய்ந்துபோனால் இரு பாதிகளின் விளிம்பு வழியே பிளாஸ்டிக் கசிந்து, பிசிறாக நிற்கிறது. அச்சின் பாதிகள் மயிரிழை இடம் மாறினாலும் உருண்டையாக வரவேண்டிய துண்டு படி விழுந்து வெளிவருகிறது.

பழைய அச்சுகளின் பயணத்தைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். இங்கிலாந்தின் 'ஃப்ராக்' நிறுவனம் 1936லேயே பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட்களை விற்கத் தொடங்கியது. அக்காலத்தில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட் நாள்பட நாள்படக் கோணும் இயல்புடையது. பின்னர் பாலிஸ்டைரீன் வந்தது. 'ஏர்ஃபிக்ஸ்' தன் முதல் விமானக் கிட்டான ஸ்பிட்ஃபயரை 1950களில் வெளியிட்டது. 1970களில் ஃப்ராக் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பல சோவியத் நாட்டுக்குச் சென்று, 'நோவோ' என்ற பெயரில் மீண்டும் கிட்களை வார்த்தன. ஆகவே புத்தம்புதிய அட்டைப் பெட்டியினுள் மிகப் பழைய அச்சின் வார்ப்பு இருக்கக்கூடும். 2010களில் ஏர்ஃபிக்ஸ் கிட்கள் பல இந்தியாவிலேயே வார்க்கப்பட்டு, 'இந்தியத் தயாரிப்பு' என்ற குறிப்போடு உலகெங்கும் விற்பனையாயின என்பதும் நாம் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

ஒரு மில்லிமீட்டரின் மதிப்பு

இந்தக் கிட்களில் மிகப் பரவலான அளவு 72இல் 1 பங்கு. அதாவது உண்மை விமானத்தின் 6 அடி, மாதிரியில் 1 அங்குலம். 1965ஆம் ஆண்டுப் போரில் புகழ்பெற்றதும், பெங்களூர் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில் உருவானதுமான நாட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கை விரிவு சுமார் 22 அடி. மாதிரியில் அது 9 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் உண்மை விமானத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளவுக்கு அது சமம். கையை உள்ளே நுழைத்துவிடலாம்! சின்னஞ்சிறு இடைவெளியும் கண்ணை உறுத்துவதன் காரணம் இதுதான்.

பசைக்கு முன் பார்வை

விசைத்தறிகளின் ஓசை ஓயாத பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு ஒரு பாடம் புதிதன்று. பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, எந்த இழை அறுந்தது என்று கண்டு, முடிந்துவிட்டுத்தான் மீண்டும் ஓட்டுவார்கள். அறுந்தது அறுந்தபடியே ஓட்டினால் துணி முழுவதும் அந்தக் குறை ஓடும். மாதிரி விமானத்திலும் அப்படியே. பொருந்தாத இடத்தில் பசையை ஊற்றுவது, அறுந்த இழையோடு தறியை ஓட்டுவது போன்றதாகும்.

முதலில் சட்டங்களை அப்படியே சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவி உலர்த்துங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெய் இருந்தால் பசையும் வண்ணமும் பிடிக்கா. துண்டுகளைக் கையால் முறுக்கி ஒடிக்கக் கூடாது. நல்ல நகவெட்டி போதும். துண்டிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சும் முனையை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். வன்பொருள் கடைகளில் கிடைக்கும் 400, 800, 1000 எண் வாட்டர் பேப்பர்கள் இதற்கு ஏற்றவை. பொருத்துமுகம் தட்டையாக வரவேண்டுமானால், தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, துண்டை அதன்மேல் வைத்துத் தேய்க்க வேண்டும்.

அடுத்து, பசையின்றியே பாகங்களைச் சேர்த்து ஒட்டுநாடாவால் கட்டி விளக்கின்முன் பிடியுங்கள். ஒளி கசியும் இடமே குறையுள்ள இடம். விளிம்பு எங்கே முட்டுகிறது என்று தெரியாவிட்டால் ஒரு முகத்தில் மென்மையான பென்சிலைத் தேய்த்து, மற்றதோடு சேர்த்து இலேசாக அசைத்துப் பிரியுங்கள். எதிர்முகத்தில் கரி பதிந்த இடமே மேடு. அதை மட்டும் தேய்த்தால் போதும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி பெறும் மாணவர், இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தும்போது நீல மையைப் பூசி மேட்டைக் கண்டுபிடிப்பதும் இதே முறைதான்.

எங்கே குறை, என்ன மருந்து?

உடற்பகுதியின் இரு பாதிகளும் மூடவில்லையா? பெரும்பாலும் குற்றவாளி உள்ளே இருக்கும் விமானி அறைத் தொட்டிதான். அது சற்றே அகலமாக இருந்து சுவர்களைத் தள்ளி நிற்கும். அதன் பக்கங்களைத் தேய்த்து ஒடுக்குங்கள். உட்சுவரில் ஊசி தள்ளிய வட்ட வடுக்கள் மேடாக நின்றால் அவற்றையும் மழியுங்கள்.

விளிம்புகள் படி விழுந்து நிற்கின்றனவா? பொருத்தும் முளைகள் தவறான இடத்தில் அமைந்திருக்கக்கூடும். முளைகள் நம் வசதிக்கானவை. அவை தடையாக இருந்தால் தயங்காமல் வெட்டியெறிந்துவிட்டு விளிம்பைப் பார்த்துச் சேர்க்கலாம்.

முன்பு நன்றாகப் பொருந்திய துண்டு, வண்ணம் பூசியபின் பொருந்தவில்லையா? வண்ணப் படலத்துக்கும் தடிமன் உண்டு. அண்மைக் காலப் புதிய அச்சுகள் மிக நெருக்கமான அளவுகளில் செய்யப்படுவதால் அந்த மெல்லிய படலமே இடைவெளியை உண்டாக்கிவிடும். பொருத்துமுகங்களில் பட்ட வண்ணத்தைச் சுரண்டிவிட்டுச் சேருங்கள்.

இறக்கை கோணியிருக்கிறதா? பெரியவர் ஒருவர் உடனிருக்க, கை பொறுக்கும் சூட்டிற்குச் சற்று மேற்பட்ட வெந்நீரில் சில விநாடிகள் நனைத்து, மெல்ல நிமிர்த்தி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். ஒரே முறையில் நிமிர்த்த முயலாமல் சிறுகச் சிறுகச் செய்ய வேண்டும். கொதிநீர் ஆகாது, பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். தகரக் கூரையின்கீழுள்ள பரணில், சுமைக்கு அடியில் கிட் பெட்டியை வைக்காதீர்கள். கோடை வெப்பத்தில் மெல்லிய துண்டுகள் வளைய இடமுண்டு.

இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே பிளவா? இது மிகப் பழைய நோய். முதலில் இறக்கையைப் பசையின்றி வைத்து, ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை ஒட்டுநாடாவை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நுனிகள் சற்று உயர்ந்ததும் பிளவு தானே மூடிக்கொள்வதுண்டு. அப்படியும் மூடாவிட்டால், உடற்பகுதியை ஒட்டுமுன்பே அதன் உள்ளே சட்டத்துண்டு ஒன்றைக் குறுக்காகக் கொடுத்து உடலைச் சிறிது அகற்றலாம். உடல் விரிந்து இறக்கையை எட்டிப் பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி மிஞ்சினால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சீவி நடுவே செருகி ஒட்டுங்கள். மெக்கானிக்குகள் இதைச் 'சிம்' கொடுப்பது என்பார்கள். இது சிறுபிள்ளை வேலை என்று எண்ணிவிட வேண்டா. போயிங் 787 பயணி விமானத்தின் உடற்பகுதிகள் சேருமிடங்களில் சிம் தகடுகள் குறித்த அளவில் அமையாதது 2020இல் வெளியாயிற்று. அங்கே அனுமதிக்கப்பட்ட இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு. ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிமன். பொருத்தக் குறைகளை ஆராய்ந்து சரிசெய்வதற்காக, 2021 மே முதல் 2022 ஆகஸ்டு வரை அந்த விமானங்களை வாடிக்கையாளருக்கு ஒப்படைப்பதே நின்றிருந்தது. உலகின் மாபெரும் விமானத் தொழிற்சாலைக்கு வந்த அதே சோதனைதான் உங்கள் வீட்டு மேசையிலும் வந்திருக்கிறது!

பட்டி பூசுவது கடைசி வழி. தேய்த்துச் சேர்ப்பது முதல், சிம் கொடுப்பது இரண்டாவது, பட்டி மூன்றாவது. இந்த வரிசை மாறினால் மலைபோலப் பட்டியை அப்பி, விமானத்தின் வடிவமே கெட்டுப்போகும். பட்டி உலரும்போது சுருங்கும். ஆகவே மெல்லிய பூச்சாகப் பூசி, ஓர் இரவு காயவிட்டு, மீண்டும் பூச வேண்டும். காசு கொடுத்து வாங்க இயலாதோர், வெட்டி எஞ்சிய சட்டத்துண்டுகளைப் பொடியாக நறுக்கி, கிட்டை ஒட்டும் நீர்மப் பசையில் ஒருநாள் ஊறவைத்தால் கூழாகும். அதே பிளாஸ்டிக் என்பதால் இதைவிடப் பொருத்தமான பட்டி வேறில்லை. தேய்த்து முடித்ததும் சாம்பல் நிற வண்ணத்தை மெல்லிதாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய கீறல்கள் அனைத்தும் அப்போது வெளிப்படும்.

விமானியின் கண்ணாடி மூடியை ஒட்ட ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே சிறந்தது. உடனடிப் பசை கண்ணாடித் துண்டை வெண்மையாக மங்கச் செய்துவிடும். வெள்ளைப் பசை உலர்ந்தால் தெளிவாகிவிடும். சிறு இடைவெளியையும் அதுவே நிரப்பும்.

எதை விட்டுவிட வேண்டும்?

எல்லாக் கோடுகளையும் அடைத்துவிடுவது அறிவுடைமை அன்று. உண்மை விமானத்தில் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள் உள்ளன. அவற்றைச் சுற்றி இடைவெளி இருந்தே தீரும். உலோகத் தகடுகள் சேரும் கோடுகளும் இருக்கும். முதுகின்மீது ஓடும் ஒட்டுக்கோடோ பெரும்பாலான விமானங்களில் இராது. ஆகவே, உண்மை விமானத்தின் நல்ல புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, "இந்த இணைப்பு அங்கே உண்டா?" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். உண்டு என்றால் விட்டுவிடலாம். இல்லை என்றால் மறைக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியால் பாதி வேலை குறையும். கூர்ந்து பார்க்கும் பழக்கமும் வளரும்.

துண்டு பாதியே வார்ப்பாகி வந்திருந்தாலோ, ஒரே பக்கத்து இறக்கை இரண்டு இருந்தாலோ, அது நம்மால் தீர்க்கத்தக்க குறையன்று. வாங்கிய கடைக்கோ தயாரித்த நிறுவனத்துக்கோ எழுதுங்கள். மாற்றுத் துண்டு அனுப்பும் நிறுவனங்கள் பல உள்ளன. பெட்டியையும் விளக்கத்தாளையும் வேலை முடியும்வரை எறியாமலிருப்பது இதற்காகவே.

தாய்மார்களின் கவனத்திற்கு

கிட் பசை பிளாஸ்டிக்கைக் கரைக்கும் கரைப்பான். அதன் ஆவியைச் சுவாசிப்பது தீங்கு. அது எளிதில் தீப்பற்றவும் செய்யும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் கொசுவர்த்திக்கும் எட்டாத இடத்தில் வேலை நடக்கட்டும். பிளாஸ்டிக் தூள் நெஞ்சுக்குள் போகாதிருக்க உப்புத்தாளை நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும்.

உடனடிப் பசையில் மற்றோர் ஆபத்து உண்டு. அது பஞ்சு, பருத்தித் துணி, பருத்தி நூல் ஆகியவற்றில் பட்டால் வேகமாகச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். வீடெங்கும் நூலும் துணியும் இருக்கும் நெசவு ஊர்களில் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சிந்திய பசையைத் துணியால் துடைக்கக் கூடாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் இளஞ்சூடான சோப்பு நீரில் ஊறவையுங்கள். கண்ணில் பட்டால் நீரால் கழுவி, இமையைப் பிரிக்க முயலாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையில் வேலை வேண்டா. சிறு துண்டு தொண்டையில் சிக்கும்.

பொருத்துதல் ஒரு கல்வி

800 ஆண்டுகளுக்கு முன் தியார்பகிர் நகரில் வாழ்ந்த அல்ஜஸரி என்னும் பொறியாளர், 1206இல் இயந்திரங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். தண்ணீர் கசியாத அடைப்பானைச் செய்ய, அடைப்பையும் அது அமரும் இருக்கையையும் எமரித் தூளிட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் முறையை அவர் விளக்கியிருக்கிறார். மரம் கோணாமலிருக்கப் பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டும் முறையும், பொருளைச் செய்யுமுன் காகிதத்தில் மாதிரி செய்து பார்க்கும் முறையும் அதில் உண்டு. கோணல், இடைவெளி, மாதிரி என நாம் மேலே பேசிய மூன்றையும் அவர் அன்றே கைவேலையாக ஆராய்ந்திருக்கிறார்.

நம் காலத்துக்கு வந்தால், இராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பழைய விமானங்கள் இரண்டும் தம்மை ஈர்த்ததைத் தம் சுயசரிதையில் நினைவுகூர்ந்திருக்கிறார். விமானத்தின் பாகங்களை அருகில் நின்று பார்ப்பது ஒரு மாணவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது இன்றும் பயிற்சியாகவும் போட்டியாகவும் நடக்கிறது.

இதில் பிழைப்புக்கான வழியும் இருக்கிறது. 1968இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்ட சிபெட் நிறுவனம், பத்தாம் வகுப்பு முடித்தோருக்குப் பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பயிற்சி இரண்டு ஆண்டுகள். அச்சு செய்வோருக்கும் ஃபிட்டருக்கும் வேண்டிய முதல் தகுதி, இரண்டு பரப்புகள் ஏன் சேரவில்லை என்று பொறுமையாகப் பார்க்கும் கண். மாதிரி விமானத்தோடு அமரும் பிள்ளை அந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்கிறான். பெண்மக்களும் இதில் பின்தங்க வேண்டியதில்லை. ஊசியில் நூல் கோத்துப் பூவேலை செய்யும் விரல்களுக்கு இது கடினமன்று.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. விலையைச் சொல்லிக் கடிந்துகொள்ளாதீர்கள். "ஏன் சேரவில்லை என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். முதல் விமானத்தில் பட்டி தெரியும், விரல் ரேகை பதியும், இறக்கை சற்றுச் சாயும். அதன் அடியில் தேதியை எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். மூன்றாவது விமானம் அதன் பக்கத்தில் வந்து நிற்கும்போது, தன் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.